யார் முடிவெடுப்பது, எவ்வளவு காலத்துக்கு? மனநலச் சிகிச்சையில் தனிமனித உரிமையும் அரசின் தலையீடும்

டர்பனில் நம் குடும்பங்கள் கூடும் இடம் கோயில் மண்டபமானாலும் துக்க வீடானாலும், மனநோயுற்ற உறவினர் ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகளில் ஒன்றைக் கேட்கலாம். "போலீஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் அடைத்துவிடலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது" என்பது ஒன்று. "அவராக வந்தால்தான் உண்டு, இப்போது எல்லாருக்கும் உரிமை இருக்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதல் கருத்தை நம்பும் குடும்பம் நோயாளியை அச்சுறுத்தி, அவர் பிறகு எந்த மருத்துவரையும் நம்பாதபடி செய்துவிடுகிறது. இரண்டாவதை நம்பும் குடும்பம் கைகட்டிக் காத்திருக்கிறது. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எப்போது தலையிடலாம் என்பதை மட்டுமின்றி, தலையிட்டவர்களை யார் கண்காணிப்பது என்பதையும் வகுத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை இத்துறைக்குப் புதியவர்கள் புரிந்துகொள்ளும்படி விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

## உடைந்த பாலத்தை நோக்கிச் செல்பவர்

2022 ஏப்ரலில் குவாசூலு-நாட்டால் மாகாணத்தைத் தாக்கிய வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலத்தின் நடுப்பகுதி உடைந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஒருவர் இருளில் அதை நோக்கி விரைந்து நடக்கிறார். நீங்கள் கத்திக் கூப்பிட்டாலும் வெள்ளத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. ஓடிச் சென்று அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறீர்கள். அனுமதியின்றி அவர் உடலைத் தொட்டீர்கள், வழியை மறித்தீர்கள் என்று யாரும் உங்கள்மேல் குற்றம் சொல்லமாட்டார்கள். அக்கரை சேர்வதுதான் அவர் விருப்பமே தவிர, ஆற்றில் விழுவது அன்று. தனிமனித உரிமைக்காக மிகக் கடுமையாக வாதாடிய ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1859இல் இத்தகைய ஒரு பாலத்தைத்தான் எடுத்துக்காட்டினார்.

கையைப் பிடித்தது ஏன் சரி என்று பிரித்துப் பார்த்தால் சில நிபந்தனைகள் தெரிகின்றன. ஆபத்து கடுமையானது. அது அவருக்குத் தெரியவில்லை. சொல்லிப் புரியவைக்க நேரமோ வழியோ இல்லை. இவற்றோடு, நாம் எளிதில் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. பாலம் உடைந்திருப்பதைக் காட்டியபின் கையை விட்டுவிட வேண்டும். அதன்பிறகும் இரவு முழுவதும் பிடித்து வைத்திருந்தால், காப்பாற்றியவரே சிறைபிடித்தவர் ஆகிவிடுகிறார்.

இந்த ஒப்பீடு ஓரளவுக்குத்தான் உதவும். உடைந்த பாலத்தை யார் வேண்டுமானாலும் விளக்கு அடித்துப் பார்க்கலாம். ஒருவரின் மனநிலையை அப்படிப் பார்க்க முடியாது. பார்ப்பவர் தவறலாம், அவசரப்படலாம், தன்னலத்துக்காகப் பொய்யும் சொல்லலாம். ஒருவர் மட்டும் பார்த்து முடிவெடுப்பதைச் சட்டம் ஏற்காததற்கும், அடுத்தடுத்துப் பல கண்கள் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே.

## மறுப்பது வேறு, முடிவெடுக்க இயலாதது வேறு

இந்த விவாதத்தின் அச்சாணி முடிவெடுக்கும் திறன் என்னும் கருத்து. தன் நோயையும் தரப்படும் சிகிச்சையையும் பற்றிச் சொல்லப்படுவதை விளங்கிக்கொண்டு, அது தனக்குப் பொருந்துகிறது என உணர்ந்து, நன்மை தீமைகளைச் சீர்தூக்கி, தன் முடிவை ஏதேனும் ஒரு வகையில் வெளிப்படுத்தும் ஆற்றலையே இச்சொல் குறிக்கிறது.

மருத்துவர் சொல்வதை மறுப்பதாலேயே ஒருவர் இந்தத் திறனை இழந்தவர் ஆகிவிடமாட்டார். "இந்த மாத்திரை என் உடம்பைப் பெருக்க வைக்கிறது, நாளெல்லாம் தூக்கம் வருகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர் தன் நிலையை நன்றாக எடைபோட்டிருக்கிறார். மனநோய்க்கான பல மருந்துகள் எடையைக் கூட்டுவதும் சோர்வைத் தருவதும் உண்மை. அவர் முடிவு நமக்குப் பிடிக்காமல் போகலாம். ஆயினும் அது அவர் எடுத்த முடிவு. "அந்த மாத்திரைக்குள் கருவி வைத்து என் எண்ணங்களைத் திருடுகிறார்கள்" என்று சொல்பவரின் மறுப்பு வேறு வகை. அங்கே மறுப்பே நோயிலிருந்து பிறக்கிறது.

நோயின் பெயரை வைத்தும் இத்திறனை அளக்க முடியாது. மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் தன் சர்க்கரை நோய்க்கான சிகிச்சையைப் பற்றித் தெளிவாக முடிவெடுக்கலாம். சென்ற மாதம் இல்லாத திறன் இந்த மாதம் திரும்பியிருக்கலாம். ஆகையால் "இவர் எந்த முடிவை, எப்போது எடுக்க இயலாதவர்?" என்று கேட்பதே சரியான கேள்வி. "இவர் மனநோயாளியா?" என்ற கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதால்தான் நம் வீடுகளில் பாதிக் குழப்பம் விளைகிறது.

சுருக்கமாக: கடுமையான ஆபத்தோ சட்டம் ஏற்கும் வேறு காரணமோ இருக்க வேண்டும்; சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் அந்த நேரத்தில் இல்லாதிருக்க வேண்டும். நோய் இருப்பதோ மருத்துவரின் சொல்லை மறுப்பதோ மட்டும் கட்டாயச் சிகிச்சைக்குக் காரணமாகாது.

## இந்நாட்டுச் சட்டம் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது

மனநோயாளிகளை அடைத்துவைக்கும் அதிகாரம் இந்நாட்டில் எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதை அறிந்தால், இன்றைய சட்டத்தின் தயக்கம் விளங்கும். 1966 செப்டம்பர் 6 அன்று பிரதமர் ஃபெர்வூர்ட்டை நாடாளுமன்றத்தில் குத்திக் கொன்ற டிமிட்ரி சஃபெண்டாஸ், மனநிலை காரணமாக வழக்கு விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டார். ஆனாலும் அவர் நெடுங்காலம் பிரிட்டோரியா சிறையிலேயே வைக்கப்பட்டார். 1999இல் இறக்கும்வரை அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. அக்கொலையை அடுத்து அமைந்த விசாரணைக் குழுவின் வழியில் வந்த 1973ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், நோயாளியின் நலனைவிடச் சமூகத்தின் பாதுகாப்பே முன்னின்றது. அதே காலத்தில் கறுப்பின நோயாளிகள் ஆயிரக்கணக்கில், அரசு பணம் கொடுத்து நடத்திய தனியார் விடுதிகளில் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தனர். 1978இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு ஒன்று வந்து அவற்றைப் பார்வையிட்டுக் கண்டித்தது.

மருத்துவமனைக்கு வெளியேயும் நிலைமை அப்படித்தான் இருந்தது. வழக்கே இல்லாமல் ஒருவரை 90 நாள் அடைத்துவைக்க 1963ஆம் ஆண்டின் சட்டம் காவல் துறைக்கு அதிகாரம் கொடுத்தது. நம் பெரியவர்களில் பலருக்கு அந்த நாட்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இந்த அனுபவங்களின்மேல்தான் 1996ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் எழுதப்பட்டது. அதன் 12ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்றும், ஒவ்வொருவருக்கும் தம் உடல்மீதும் மனத்தின்மீதும் உரிமை உண்டு என்றும் கூறுகிறது. 27ஆம் பிரிவு மருத்துவ வசதி பெறும் உரிமையை அளிக்கிறது. எந்த உரிமைக்கும் வரம்பு விதிக்கலாம், ஆனால் அந்த வரம்பு நியாயமானதாக இருக்க வேண்டும், அதே நோக்கத்தை இன்னும் குறைந்த கட்டுப்பாட்டால் அடைய முடியுமா என்றும் பார்க்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. சுதந்திரம், சிகிச்சை இரண்டுமே உரிமைகளாக ஒரே சாசனத்தில் இருப்பதைக் கவனியுங்கள். நோயாளிக்கு எதிராக அரசு நிற்கிறது என்று இதைப் பார்ப்பதைவிட, ஒரே மனிதரின் இரண்டு உரிமைகள் சில வேளைகளில் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று பார்ப்பதே பொருத்தம்.

2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டமான மனநலப் பராமரிப்புச் சட்டம் 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று வகைச் சிகிச்சையைப் பிரித்துக் காட்டுகிறது.

## மூன்று வகைச் சிகிச்சை

தாமாக வந்து, ஒப்புதல் கொடுத்துப் பெறுவது தன்விருப்பச் சிகிச்சை. இதில் விளக்கம் அதிகம் தேவையில்லை. சாதாரண நோயாளியைப் போலவே வருவார், போவார்.

முடிவெடுக்கும் திறன் இல்லாதவர், ஆனால் சிகிச்சையை எதிர்க்காதவர் பெறுவது துணையுடன் கூடிய சிகிச்சை. நினைவாற்றலை இழந்த மூதாட்டி ஒருவர் அழைத்த இடத்துக்கு அமைதியாக வருகிறார், கொடுத்த மருந்தை விழுங்குகிறார். அவர் மறுக்கவில்லை, ஆனால் அவர் ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. இத்தகையவர்களுக்காகக் குடும்பத்தினர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். வாய் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. இது மிக நல்ல ஏற்பாடு.

முடிவெடுக்கும் திறனும் இல்லை, சிகிச்சைக்கு விருப்பமும் இல்லை என்ற நிலையில், சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால் அளிக்கப்படுவது கட்டாயச் சிகிச்சை. தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யக்கூடிய நிலை முதல் காரணம். அவருடைய பொருளாதார நலனையோ நற்பெயரையோ காக்கச் சிகிச்சை தேவைப்படுவது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இவற்றுக்கு முன்னே அவசர நிலை ஒன்று உண்டு. தாமதித்தால் உயிர் போகும், உடல்நலத்துக்கு மீளாத கேடு வரும், தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு நேரும், அல்லது உடைமைக்குப் பெரும் சேதம் ஏற்படும் என்றால், எந்த விண்ணப்பமும் இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர வேண்டுமானால் முறையான விண்ணப்பம் வந்தாக வேண்டும்.

## விண்ணப்பத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை

கட்டாயச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தின் வழியே தொடர்ந்து பார்ப்போம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் இளைஞர் ஒருவர் சில வாரங்களாக அறையைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா சமைத்ததில் விஷம் கலந்திருப்பதாக நம்பி உண்ண மறுக்கிறார். அண்டை வீட்டுக்காரர் தம்மைக் கொல்ல வருகிறார் என்று சொல்லிக் கத்தியோடு படுக்கிறார். மருத்துவமனைக்கு வர மறுக்கிறார்.

அம்மா அரசு மருத்துவமனைக்குச் சென்று, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். கணவன், மனைவி, துணைவர், பெற்றோர், காப்பாளர், நெருங்கிய உறவினர், நெருங்கிய தொடர்புடையவர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். அவர்கள் யாரும் இல்லாவிட்டாலோ முன்வராவிட்டாலோ சுகாதாரப் பணியாளர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் முந்தைய ஏழு நாட்களுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். கேப்டவுனிலிருந்து தொலைபேசியில் கேள்விப்பட்டதை வைத்துத் தம்பியின் சுதந்திரத்தைப் பறிக்க அண்ணனால் முடியாது.

அடுத்து, மனநலப் பணியாளர் இருவர் அவரைப் பரிசோதிக்கின்றனர். மனநல மருத்துவர் மட்டுமின்றி, மனநலப் பணியில் பயிற்சி பெற்ற பொது மருத்துவர், செவிலியர், உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோரும் இச்சொல்லில் அடங்குவர். இருவரில் ஒருவராவது உடலைப் பரிசோதிக்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். இது சிறிய விதியாகத் தோன்றலாம், ஆனால் அதன் பயன் பெரிது. மூளைக் காய்ச்சல், தைராய்டுக் கோளாறு, இரத்தத்தில் சர்க்கரை தாழ்வது, போதைப்பொருள், தலையில் பட்ட அடி ஆகியவையும் ஒருவரைப் பிதற்ற வைக்கலாம். அவற்றைக் கண்டுபிடிக்காமல் மனநோய் என்று வார்டில் சேர்த்துவிட்டால் உயிரே போகலாம். இருவரின் கருத்தும் வேறுபட்டால் இன்னொருவர் பரிசோதிக்க வேண்டும்.

கட்டாயச் சிகிச்சை தேவை என்று மருத்துவமனைத் தலைவர் ஏற்றால் 72 மணி நேர மதிப்பீடு தொடங்குகிறது. ஒரு மருத்துவரும் மற்றொரு மனநலப் பணியாளரும் மூன்று நாள் அவரைக் கவனித்து, கட்டாயச் சிகிச்சை தொடர வேண்டுமா, வேண்டுமானால் மருத்துவமனைக்குள்ளா வெளியிலிருந்தா என்று சொல்ல வேண்டும். வீட்டில் தங்கியபடியே, குறித்த நாட்களில் கிளினிக்குக்கு வந்து மருந்து பெறும்படியான கட்டாயச் சிகிச்சையும் சட்டத்தில் உண்டு. குறைந்த கட்டுப்பாடு போதுமென்றால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்று நாட்கள் பெரும்பாலும் பொது மருத்துவமனையில் கழிகின்றன. அங்கே மனநலப் படுக்கைகள் போதாமல் நோயாளிகள் பொது வார்டுகளில் தங்குவதை இந்நாட்டில் பலரும் கண்டிருப்பார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும் சட்டம் நடைமுறையில் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்க முடிவு செய்தால், கோப்பு மருத்துவமனையை விட்டு வெளியே போக வேண்டும். ஏழு நாட்களுக்குள் அது மனநல மீளாய்வுக் குழுவுக்குச் செல்கிறது. மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட இக்குழுவில் மனநலப் பணியாளர் ஒருவரும், நீதிபதி அல்லது வழக்கறிஞர் ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் இருப்பர். அக்குழு 30 நாட்களுக்குள் முடிவெடுத்து, அதை ஏற்றால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. நீதிமன்றமும் 30 நாட்களுக்குள் பரிசீலிக்க வேண்டும். நோயாளியோ குடும்பத்தினரோ குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பணமில்லாதவர் அரசின் சட்ட உதவியை நாடலாம். ஆறு மாதம் கழித்து ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபரிசீலனை நடக்க வேண்டும். இடையில் அவருக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டால், "விரும்பித் தொடர்கிறீர்களா?" என்று அவரிடமே கேட்க வேண்டும். இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாலத்தைப் பார்த்துவிட்டவரின் கையை விட்டுவிட வேண்டும் என்று முன்னர் சொன்னதற்குச் சட்டத்தில் உள்ள வடிவம் இதுவே.

காவல் துறையின் பங்கு இந்த வரிசையில் மிகக் குறுகியது. ஒருவர் மனநோயால் தமக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யக்கூடும் என்று காவலர் தாமே கண்டோ, மனநலப் பணியாளர் சொல்லியோ நம்பினால், அவரை மதிப்பீட்டுக்காகச் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சேர்ப்பதா இல்லையா என்பதைக் காவலர் தீர்மானிப்பதில்லை. வீட்டில் வாய்ச்சண்டை போட்டார், வேலைக்குப் போகவில்லை, குடிக்கிறார் என்ற காரணங்களுக்காக இந்த அதிகாரத்தைக் கேட்பது முறையன்று.

சுருக்கமாக: உறவினர் விண்ணப்பிக்கிறார், இருவர் பரிசோதிக்கின்றனர், மூன்று நாள் மதிப்பீடு நடக்கிறது, வெளியார் குழு மீளாய்வு செய்கிறது, நீதிமன்றம் இறுதியாகப் பார்க்கிறது. ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு. கட்டாயச் சிகிச்சை தேவையில்லை என்று எந்தப் படியில் தெரிந்தாலும் அவர் வெளியே வரலாம்.

## மானம், சொத்து, வழிபாடு

நற்பெயரைக் காக்கக் கட்டாயச் சிகிச்சை தரலாம் என்னும் விதி நம் சமூகத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டும். சட்டம் சொல்வது நோயாளியின் நற்பெயரை. மனக்கிளர்ச்சி நோயின் உச்சத்தில் இருக்கும் ஆசிரியை ஒருவர் தெருவில் செய்யும் செயலால், நாளை குணமானபின் வேலைக்கே திரும்ப முடியாத நிலை வரலாம்; அத்தகையவரைக் காக்கவே இவ்விதி. குடும்ப மானம் அதில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. மகள் வேறு இனத்தவரைக் காதலிக்கிறாள், மகன் ஆண் ஒருவரோடு வாழ்கிறான், விதவையான அத்தை மறுமணம் செய்துகொள்கிறார் என்பவை ஊராருக்கு எப்படித் தோன்றினாலும், இவற்றில் எதுவும் மனநோய் ஆகாது. என் கருத்தில் "நற்பெயர்" என்ற சொல் இச்சட்டத்தில் இன்னும் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்பத்தின் கூச்சத்தை நோயாளியின் நலனாகக் காட்டுவது மிக எளிது.

சொத்தும் அப்படியே. முதியவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதால் அவர் வீட்டின்மீதோ ஓய்வூதியத்தின்மீதோ பிள்ளைகளுக்கு அதிகாரம் வந்துவிடாது. தம் சொத்தை நிர்வகிக்க இயலாதவருக்கு நிர்வாகி ஒருவரை நியமிப்பதற்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் (இத்தகைய சொத்து நிர்வாகங்களைக் கண்காணிக்கும் அதிகாரி) அலுவலகத்தின் வழியாகவே அது நடக்கும், கணக்கும் காட்ட வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒருவரின் மனநிலையைத் தீர்மானிக்கும்போது அவருடைய அரசியல், பொருளாதார நிலையையோ பண்பாட்டையோ சமயத்தையோ அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்கிறது. தைப்பூசத்தில் வேல் குத்திக் காவடி எடுப்பவரும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பெரிய வெள்ளியன்று தீமிதிப்பவரும், அருள் வந்து ஆடுபவரும் தம் சமூகம் அறிந்த முறையில், அதற்குரிய நேரத்தில் வழிபடுகின்றனர். திருவிழா முடிந்ததும் வேலைக்குப் போகின்றனர். இவர்களை நம் வழக்கம் அறியாத மருத்துவர் நோயாளி என்று எண்ணிவிடாமல் இந்தப் பிரிவு காக்கிறது. அதே வேளையில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். விழாவும் விரதமும் இல்லாத நாளில், உறக்கமும் உணவும் இன்றி, வாரக்கணக்கில் குரல்கள் கேட்டு அஞ்சி நடுங்கும் ஒருவரை "சாமி வந்திருக்கிறது" என்றோ "செய்வினை" என்றோ சொல்லிப் பூசைகளிலேயே மாதங்களைக் கழிப்பது அவருடைய நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பூசையும் நடக்கட்டும், கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள் என்றுதான் சொல்ல விரும்புகிறேன்.

## கைவிடுவதற்கு உரிமை என்று பெயர் சூட்டலாமா

இதுவரை, அரசு அளவுக்கு மீறித் தலையிடும் ஆபத்தையே பெரும்பாலும் பேசினோம். எதிர்த்திசையில் நடந்த கேடு ஒன்று இந்நாட்டின் மனநல வரலாற்றிலேயே மிகப் பெரியது.

2015இல் கௌடெங் மாகாண சுகாதாரத் துறை, நீண்டகால மனநோயாளிகளைப் பராமரித்துவந்த லைஃப் எசிடிமெனி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. செலவைக் குறைப்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நோயாளிகளைப் பெரிய விடுதிகளில் அடைத்துவைக்காமல் சமூகத்தோடு வாழவிட வேண்டும் என்ற கொள்கையும் காரணமாகச் சொல்லப்பட்டது. கொள்கையில் பிழையில்லை, உலகெங்கும் மனநல இயக்கங்கள் கேட்டுவருவதும் அதுவே. ஆனால் சமூகத்தில் அவர்களை ஏற்றுப் பராமரிக்க எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. குடும்பத்தினரும் மனநல அமைப்புகளும் முன்கூட்டியே எச்சரித்தனர், நீதிமன்றத்துக்கும் சென்றனர். அதையும் மீறி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவசர அவசரமாக மாற்றப்பட்டனர். பலர் போய்ச் சேர்ந்தது தகுதியற்ற தொண்டு நிறுவனங்களில். உணவும் மருந்தும் கதகதப்பும் இன்றி 144 பேர் இறந்தனர்.

சுகாதாரக் குறைகேள் அதிகாரி மலெகபுரு மக்கோபா 2017 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, நோயாளிகளை ஏற்ற 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூடச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று கண்டது. மாகாணத்தின் மனநல மீளாய்வுக் குழு தன் கடமையைச் செய்யத் தவறியதையும் அது கண்டித்தது. ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே நடுவராக இருந்து 2018 மார்ச்சில் அளித்த தீர்ப்பு, சாசன உரிமைகள் மீறப்பட்டதற்கான இழப்பீட்டையும் சேர்த்து, அவ்வழக்கில் கோரிக்கை வைத்த குடும்பங்களுக்கு 12 லட்சம் ராண்ட் வீதம் வழங்க உத்தரவிட்டது. 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், அன்றைய மாகாண சுகாதார அமைச்சரும் மனநலப் பிரிவின் தலைவரும் கவனக்குறைவாக நடந்ததே ஒன்பது பேரின் மரணத்துக்குக் காரணம் என்று கூறியது.

இறந்தவர்களை யாரும் கட்டிப்போட்டிருக்க வேண்டியதில்லை. அவர்கள் கைவிடப்பட்டதே போதுமானதாயிற்று. இதற்கு நேர்மாறான காட்சி தமிழ்நாட்டில் ஏர்வாடியில் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தனர். ஓரிடத்தில் கட்டியதும் ஓரிடத்தில் அவிழ்த்துவிட்டதும் உயிரைக் குடித்தன. இரண்டு இடங்களிலும் நோயாளியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பொறுப்பாளர்களைக் கேள்வி கேட்க வேண்டியவர்களும் உரிய நேரத்தில் கேட்கவில்லை.

இதனால்தான் மனநலத்துறையில் தனிமனித உரிமையை "தொடாமல் விடுவது" என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது என்று உறுதியாகச் சொல்கிறேன். 2002க்கும் 2004க்கும் இடையில் நாடு தழுவி நடந்த ஆய்வொன்றில், முந்தைய 12 மாதங்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களுள் நால்வரில் ஒருவரே சிகிச்சையை நாடியிருந்தார். நல்ல கிளினிக் அருகில் இருந்து, மருந்து தவறாமல் கிடைத்து, பேசக் கேட்க ஆள் இருந்தால் கட்டாயம் தேவைப்படும் நிலைக்கே பலர் வரமாட்டார்கள். முன்கட்டத்தில் எதுவும் செய்யாத அரசு, கடைசிக் கட்டத்தில் காவல் வண்டியோடு வருவது வெறும் பற்றாக்குறையின் விளைவு.

## இன்னும் தீராத விவாதம்

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா 2007இல் உறுதிசெய்தது. அதைக் கண்காணிக்கும் குழு 2014இல், ஒருவருக்குப் பதிலாக மற்றவர் முடிவெடுக்கும் முறையையே கைவிட்டு, அவர் தாமே முடிவெடுக்கத் துணைசெய்யும் முறைக்கு நாடுகள் மாற வேண்டும் என்று கூறியது. அதை முழுவதும் ஏற்றால் கட்டாயச் சிகிச்சைக்கே இடமிராது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அது நோயாளியைக் கைவிடுவதில் முடியும் என்று பல மனநல மருத்துவர்கள் அஞ்சுகின்றனர். கட்டாயத்தை அனுபவித்தவர்களில் பலர், அந்த அனுபவமே தங்கள் வாழ்வின் பெரிய காயம் என்கின்றனர். நான் அந்த மருத்துவர்களின் பக்கமே சாய்கிறேன். ஆனால் கட்டாயத்தை அனுபவித்தவர்களின் சொல்லைக் கேட்காமல் எழுதப்படும் எந்த விதியும் பழைய விடுதிகளுக்கே நம்மைக் கொண்டுசெல்லும்.

இரு தரப்பும் ஒத்துப்போகும் வழி ஒன்று உண்டு. மனநோய் பலருக்கு விட்டு விட்டு வருவது. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் தெளிவாக முடிவெடுப்பவர்கள். அந்தத் தெளிவான காலத்தில், நோய் திரும்பினால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது கூடாது, எந்த மருத்துவமனை, யாரை அழைக்க வேண்டும், யாரை அழைக்கக் கூடாது, பிள்ளைகளை யாரிடம் விட வேண்டும் என்று அவரே எழுதிவைக்கலாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இத்தகைய முன்னறிவுறுத்தலுக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென ஒரு பிரிவு இல்லை. இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிரிவு இல்லை என்பதற்காக எழுதாமல் இருக்கத் தேவையுமில்லை. உங்கள் வீட்டில் அத்தகையவர் ஒருவர் இருந்து, இப்போது நலமாக இருந்தால், அவரோடு உட்கார்ந்து அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவமனைகளில் படிக்கத்தக்க ஆங்கிலப் பிரதியும் ஒன்று வேண்டும். ஒன்றைக் கிளினிக்கில் அவருடைய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். 72 மணி நேர மதிப்பீட்டைச் செய்யும் மருத்துவர் அவரை முதன்முறையாகப் பார்ப்பவராகவே பெரும்பாலும் இருப்பார். நோயாளி தெளிவாக இருந்தபோது என்ன விரும்பினார் என்பதை அந்த மருத்துவர் அறிந்துகொள்ள அந்தத் தாளே வழியாக இருக்கும்.